பொருள்: வழக்கு நடத்துவோர் பெறும் பணத்துக்கு ஒரு சொல் வேண்டும்

பூ.இ. எழுதியது:

அன்புடையீர், வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் நுகர்வோர் சட்டங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைச் சட்ட மாத இதழொன்றுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விபத்தில் அடிபட்டு இழப்பீட்டு வழக்குத் தொடுத்த ஒருவர், தீர்ப்பு வரும்வரை வாடகைக்கும் மருந்துக்கும் வழியின்றி நிற்கையில், ஒரு நிறுவனம் அவருக்குப் பணம் தருகிறது. வென்றால் கிடைக்கும் தொகையிலிருந்து அசலையும் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும். தோற்றால் அவர் ஒரு காசும் திருப்ப வேண்டியதில்லை. இதனை ‘வழக்குக் கடன்’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார்.

தி.வே. எழுதியது:

ஆசிரியர் செய்தது சரியே. தப்ப முடியாமைதான் ‘கடன்’ என்ற சொல்லின் உயிர். புறநானூற்றுத் தாய் மகனைப் பெற்று வளர்ப்பதைத் தன் தலைக்கடன் என்றபோதும் அந்தப் பொருளே நின்றது. தோற்றால் தர வேண்டாத பணம் கடனாகாது. ஆங்கிலப் பொதுச் சட்டம் இத்தகைய ஏற்பாட்டைச் ‘சாம்பர்ட்டி’ என்று பெயரிட்டுத் தடுத்தது. அச்சொல்லின் வேர் பழைய பிரெஞ்சின் ‘சாம்பார்’; விளைச்சலில் நிலக்கிழார் பெற்ற பங்கு. நம் ‘வாரம்’ அதுவேயன்றோ? குத்தகை விளைந்தாலும் பொய்த்தாலும் அளந்தாக வேண்டும்; வாரம் விளைந்தால் மட்டுமே. ஆகவே ‘வழக்கு வாரம்’. கட்டணத்துக்கு, வட்டியைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல்லான ‘பொலிசை’யைக் கொள்ளலாம். (‘வழங்கு’ என்ற வினையிலிருந்தே ‘வழக்கு’ வந்தது என்பதால், கொடுத்தலும் அதனுள் அடங்கியிருப்பதைக் காண்க.)

க.மீ. எழுதியது:

ஐயா, ‘வழக்கு வாரம்’ என்று தலைப்பிட்டால், நீதிமன்றங்கள் ஏழு நாள் விழா எடுக்கின்றன என்றே வாசகர் நினைப்பார். பொருளும் பொருந்தவில்லை. வாரத்தில் பங்கு விளைச்சலைப் பொறுத்தது. இங்கே கட்டணம் காலத்தைப் பொறுத்து ஏறுகிறது. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்த்த வழக்கில், 6,000 டாலர் பெற்ற பெண், வழக்கு 12 மாதத்தில் முடிந்தால் 16,800, 18 மாதமானால் 22,200, 24 மாதமானால் 27,600 டாலர் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. நீங்கள் சொன்ன சாம்பர்ட்டியைக் காட்டியே நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2008இல் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி இத்தொழிலுக்கு வழிவிட்டது. பொலிசையும் வேண்டாம்: வட்டி என்ற வாடையே படக்கூடாதென்றுதான் இந்நிறுவனங்கள் ‘கட்டணம்’ என்கின்றன, மொழிபெயர்ப்பில் நாம் அதை வட்டியாக்கிவிட்டால் ஒரு தரப்பின் வாதத்தை எழுதியவராவோம்.

பூ.இ. எழுதியது:

என் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கொலராடோ உச்ச நீதிமன்றம் 2015இல், திருப்பும் கடமை நிபந்தனைக்கு உட்பட்டதாயினும் இது கடனே, நுகர்வோர் கடன் சட்டம் இதனைக் கட்டுப்படுத்தும் என்றது. அடுத்த ஆண்டே இண்டியானா, இது நுகர்வோர் கடன் அன்று என்று சட்டத்தில் எழுதிவைத்து, அதே மூச்சில் ஆண்டுக் கட்டணத்துக்கு 36 விழுக்காடு உச்சவரம்பும் விதித்தது. மேற்கு வர்ஜீனியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரம்பு ஆண்டுக்கு 18 விழுக்காடு. இலினாய் 2022இல் அதே 18ஐ ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்க இசைந்தது. இரு கட்சிக்கும் பொதுவான, எதையும் முன்கூட்டித் தீர்த்துவிடாத பெயர் தேவை.

ந.சு. எழுதியது:

சட்டக் கல்லூரியில் தமிழ்வழி வகுப்பெடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர்க்கு உடனே விளங்குவது ‘முன்பணம்’. ‘வழக்கு முன்பணம்’ என்று எழுதிவிடலாம். தூய்மை பார்க்கப் புகுந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

க.மீ. எழுதியது:

‘வழக்கு முன்பணம்’ என்றால் வக்கீலுக்குக் கட்சிக்காரர் முதலில் கொடுக்கும் தொகை என்றே நம் ஊரில் படும். ‘இழப்பீட்டு முன்பணம்’ என்றாலோ எதிர்த்தரப்பு பகுதித் தொகையை முன்னதாகக் கொடுத்ததாகிவிடும். ‘வழக்குக்கால முன்பணம்’ என்றால் இரண்டு மயக்கமும் ஓரளவு குறையும். முதல் முறை வரும்போது, ‘தோற்றால் திருப்ப வேண்டாதது’ என்று ஒரு தொடரைச் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

தி.வே. எழுதியது:

‘வழக்குக்கால முன்பணம்’ சொல்லன்று, விளக்கம். ஒரு துறைக்குள் புழங்கப் புழங்க மயக்கம் தானே நீங்கும். ‘வழக்கு’ என்பதே இலக்கணத்தில் உலகவழக்காகவும் மன்றத்தில் வியாச்சியமாகவும் நின்று யாரையும் குழப்பவில்லையே. வாரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லை?

பூ.இ. எழுதியது:

அனைவர்க்கும் நன்றி. கட்டுரையில் ‘வழக்குக்கால முன்பணம்’ என்று இட்டு, கொலராடோத் தீர்ப்பைப் பேசும் பத்தியில் மட்டும் ‘கடன்’ என்றே வைத்து அனுப்பிவிட்டேன். தி.வே. ஐயாவின் ‘வாரம்’, சாம்பர்ட்டிக்கு நேர்ச்சொல்லாக ஓரிடத்தில் வருகிறது.

தி.வே. எழுதியது:

ஓரிடம் போதாது. என் அகராதிப் படியில் சாம்பர்ட்டி, இந்தப் பணம் இரண்டுக்கும் ‘வாரம்’ என்றே இருக்கும்.