மெஸ்ஸுக்கு மெலமைன் தட்டு வாங்கலாமா?

மெஸ்காரர்: பீங்கான் உடைஞ்சு மாளல. மெலமைன் தட்டு போடலாம்னு பார்த்தா, "சீனாவுல குழந்தைங்களைக் கொன்னது அதுதான்"னு மச்சான் மிரட்டறான். நிஜமா?

பிசின்பாண்டி: 2008ல அங்க நடந்தது கலப்படம் சார். தண்ணி ஊத்தின பால்ல மெலமைன்ங்கற ரசாயனத் தூளைக் கலந்தாங்க. புரதச் சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கும்; மெலமைன் எடையில மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன், அதனால தண்ணிப் பாலும் புரதம் நிறைஞ்சதா காட்டும். சான்லு பால்பவுடர் குடிச்ச குழந்தைங்களுக்கு சிறுநீரகத்துல கல். 6 குழந்தைங்க செத்தாங்க, சுமார் 3 லட்சம் பேருக்குப் பாதிப்பு. தட்டு வேற. மெலமைனை ஃபார்மால்டிஹைடுங்கற ரசாயனத்தோட சேர்த்து, அச்சுல சூடா அழுத்தி இறுக வெச்ச பிசின், திரும்ப உருகாது. மேஜையில ஒட்டற மைக்காவோட மேல்பரப்பும் அதே பிசின்தான்.

ரசக்காரி: மைக்கா மேல ரசம் ஊத்தி யாரும் சாப்பிடறதில்லையே தம்பி! தைவான்ல 2013ல வெளியான ஆய்வுல, மெலமைன் கிண்ணத்துல சூடா நூடுல்ஸ் சூப் குடிச்சவங்க சிறுநீர்ல சராசரியா 8.35 மைக்ரோகிராம் மெலமைன். பீங்கான்ல குடிச்சப்ப 1.31தான். சூடும் புளிப்பும் சேர்ந்தா இன்னும் கசியும். நம்ம ரசத்துல ரெண்டும் உண்டு.

பிசின்பாண்டி: அளவைப் பாருங்க அக்கா. உலக சுகாதார நிறுவனம் ஒரு கிலோ உடல் எடைக்கு தினம் 0.2 மில்லிகிராம் வரை தாங்கும்னு சொல்லுது. 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம். நீங்க சொன்னது அதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது.

ரசக்காரி: அது ஒரு வேளை சூப்போட கணக்கு. மெஸ் தட்டு தினம் சுடுதண்ணி, கம்பி நார்னு அடிபட்டு, பளபளப்பு போய், மஞ்சக்கறை ஏறி சொரசொரன்னு ஆகும். அப்புறம் சூட்டுல தட்டுலேருந்து கசியற இன்னொரு நச்சு, ஃபார்மால்டிஹைடை ஏன் விட்டுட்டீங்க? 70 டிகிரிக்கு மேல வேண்டாம்னு ஜெர்மனியோட இடர் மதிப்பீட்டு நிறுவனமே சொல்லியிருக்கு.

கடைவீதி: ரெண்டு பேரும் நல்ல சரக்கைப் பத்தியே பேசறீங்க. மலிவுத் தட்டுல உள்ள யூரியா பிசின், மேல மட்டும் மெலமைன் பூச்சு. சூட்டுக்கு அது இன்னும் மோசம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

பிசின்பாண்டி: இதை ஒத்துக்கறேன். பேர், முத்திரை இல்லாததைத் தொடாதீங்க. மைக்ரோவேவ்ல வைக்கவே கூடாது.

மெஸ்காரர்: அப்ப சோத்துக்கு மெலமைன் தட்டு, சாம்பார் ரசத்துக்கு எவர்சில்வர் கிண்ணம். சரியா?

ரசக்காரி: சாம்பாரைக் கிண்ணத்துலயேவா விட்டு வைப்பாங்க? சோத்து மேலதானே ஊத்துவாங்க அண்ணே!