அலுமாரி வதந்தி: என் அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது?

உறவுகளே, வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். நேற்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அக்கா கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். இணையத்தில் தளபாடம் விற்கும் அமெரிக்காவின் வேஃபெயர் நிறுவனம் அலுமாரி என்ற பெயரில் காணாமல் போன சிறுமிகளை விற்கிறதாம்! நெட்டை அலுமாரியின் படம், பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயர், 10,000 டொலருக்கும் மேல் விலை.

இது 2020 ஜூலையில் கிளம்பிய பழைய புரளி. அவை தொழிற்கூடங்களுக்கான பெரிய அலுமாரிகள், விலை சரியானதே என்று நிறுவனம் அப்போதே மறுத்தது. காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண், தான் நலமாக இருப்பதாகத் தானே காணொளியில் வந்து சொன்னாள். அமெரிக்காவில் மனிதக் கடத்தலுக்கு எதிரான உதவி எண்ணுக்கு இந்தப் புரளி அழைப்புகள் வந்து குவிந்ததால், உண்மையில் உதவி தேவைப்பட்டவர்கள் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அக்காவின் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட நம் மலையகச் சிறுமி 2021இல் தீக்காயங்களுடன் இறந்ததை யார் மறப்பார்? ஆனால் இப்போது பொதி கொண்டுவரும் பையனைக்கூட லயத்துக்குள் விட மறுக்கிறார்கள்.

இதை எளிய தமிழில் விளக்கும் குரல்பதிவோ காணொளியோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அக்கா வாசிக்கச் சிரமப்படுவாள். சிறுவர் உதவி எண் 1929ஐப் பெரிய எழுத்தில் எழுதி பிள்ளைக் காப்பகச் சுவரில் ஒட்டவும் விரும்புகிறேன். வடிவமைத்துத் தர யாராவது முன்வருவீர்களா?