ஆர்ட்டரியைத் தேடிப் போய் மூச்சுக்குழாயில் நின்ற கதை

பிசியோதெரபி முதலாண்டில் அனாடமிப் பெயர்களை உருப்போட்ட நாட்களில்தான் எனக்குச் சொற்களை நோண்டும் பழக்கம் தொற்றியது. டிபியா (முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பு) என்றால் லத்தீனில் புல்லாங்குழல், பட்டெல்லா (முழங்கால் சில்லு) என்றால் சின்னத் தட்டு. இவையெல்லாம் எலும்பைப் பார்த்தாலே புரிந்துவிடும். விடாமல் படுத்தியது ஆர்ட்டரிதான், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனி.

லத்தீனில் அது ஆர்டீரியா; அங்கே கிரேக்கத்திலிருந்து வந்தது. அதுவரை சரி. ஆனால் கிரேக்க அகராதியில் முதல் பொருளே மூச்சுக்குழாய் என்று போட்டிருக்கிறது! ரத்தக்குழாய்க்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

விடை டிசெக்‌ஷன் ஹாலில் மேசை மேலேயே கிடந்தது. சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள்) துவண்டு, உள்ளே கறுத்த ரத்தக்கட்டியோடு ஒட்டிக்கிடக்கும். தமனியை வெட்டினாலோ வாய் திறந்தபடி வட்டமாக நிற்கும். உள்ளே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இறந்தபின் ரத்தம் சிரைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. பிணத்தை அறுத்துப் படித்தவர்கள் இதைக் காற்றுக்குழாய் என்று நினைத்ததில் வியப்பே இல்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எராசிஸ்திராட்டஸ் என்ற கிரேக்க மருத்துவர் அப்படித்தான் சொன்னார். ‘அப்படியென்றால் அறுபட்ட தமனியில் ரத்தம் பீய்ச்சுகிறதே?’ என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார்: காற்று முதலில் வெளியேறிவிடும், காலியான இடத்துக்குச் சிரையிலிருந்து ரத்தம் பாயும். சமாளிப்புதான், ஆனால் கெட்டிக்காரச் சமாளிப்பு. நானூறு ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் இன்னொரு கிரேக்க மருத்துவரான காலன் (தமிழில் எழுதினால் எமன் பெயர் ஆகிவிடுகிறது, என்ன செய்ய!) உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி, நடுவே வெட்டிக் காட்டினார். இருந்தது ரத்தம் மட்டுமே.

காற்றுக் கதை ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை. இதற்கிடையில் அசல் மூச்சுக்குழாயைப் பிரித்துச் சொல்ல ‘ஆர்டீரியா டிராகேயா’, அதாவது சொரசொரப்பான ஆர்டீரியா என்றார்கள். தொண்டைக் குழிக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள், குருத்தெலும்பு வளையங்கள் தட்டுப்படும். பிற்பாடு முன்பாதி உதிர்ந்து, ஆங்கில டிரேகியாவில் ‘சொரசொரப்பானது’ மட்டும் மிஞ்சியது. சொந்தப் பெயரை ரத்தக்குழாய் கொண்டுபோய்விட்டது.

அப்புறம் நம் தமனியையும் தேடினேன். வடமொழிச் சொல்; வேர் ‘ஊது’ என்னும் பொருள் கொண்டது! உடனே இங்கேயும் காற்று என்றுதான் நினைத்தார்கள் என்று குதிக்க வேண்டாம். ஊதுகுழலுக்கும் அதே சொல் உண்டு. குழல் என்ற அளவிலேயே அது உடம்புக்குள் வந்திருக்கலாம்.