இரண்டாம் வகுப்பில் ஒரு வாரம்: புளியங்கொட்டை எண்ணுவது படிப்பா?

தென்னந்தோப்பு:
மகள் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. போன வாரம் தினமும் சாயங்காலம் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டு எழுதி வைத்தேன். திங்கள், கை தட்டிச் சந்தைப் பாட்டு. செவ்வாய், புளியங்கொட்டை எண்ணினார்களாம். புதன், குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்களாம். வியாழன், வகுப்பிலேயே காய்கறிக் கடை. இவள் கத்தரிக்காய் விற்றாளாம். வெள்ளி, டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுப் போனில் பதிந்தாராம். பையிலிருக்கும் நோட்டில் வாரம் முழுக்க ஒன்றரைப் பக்கம்தான் எழுத்து. பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் அதே வகுப்பு, ஆறாம் வாய்ப்பாடு வரை எழுதி முடித்துவிட்டான். பள்ளியைக் குறை சொல்ல வரவில்லை. பயமாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

வாய்ப்பாடு:
உங்கள் பயம் நியாயமானது. 20 வருடமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஏழெட்டு எவ்வளவு என்றால் விரல் மடக்குகிறார்கள். வகுத்தல் கணக்கில் வாய்ப்பாட்டை யோசித்து முடிப்பதற்குள் கணக்கு எங்கே நின்றது என்பதே மறந்துபோகிறது. கடை வைத்து விளையாடுவது சந்தோஷம்தான், ஆனால் கை எழுதி எழுதித்தான் பழகும். பறவைக்கு எந்த ற என்பதைப் பாட்டுப் பாடித் தெரிந்துகொள்ள முடியாது.

கரும்பலகை:
ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை நான்தான் டீச்சர், மொத்தம் 28 பிள்ளைகள். தென்னந்தோப்பு சார், உங்கள் மகள் சொன்ன அஞ்சு நாளும் ஒரே பாடம்.

"நாற்பத்தேழு" என்று சொல்லி எழுதச் சொன்னால் இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் 407 என்று எழுதும். காதில் அப்படித்தான் விழுகிறது: நாற்பது, அப்புறம் ஏழு. 40 போட்டுப் பக்கத்தில் 7 போடுகிறார்கள். சிவப்பு மையில் திருத்திப் பத்துத் தடவை எழுதச் சொன்னால் எழுதுவார்கள். மறுநாள் அறுபத்து மூன்று என்றால் 603 வரும். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்!

புளியங்கொட்டை எண்ணும்போது பாதியில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு தடவை அப்படி ஆனதும் பிள்ளைகளே பத்துப் பத்தாகக் குவிக்க ஆரம்பித்துவிடுவார்கள். புதன்கிழமைக் கட்டு அங்கிருந்துதான் வருகிறது. நாலு கட்டு, ஏழு குச்சி. கட்டுக்கு ஓர் இடம், குச்சிக்கு ஓர் இடம் என்று வைத்துப் பழகிய பிள்ளை 407 எழுதாது. வியாழக்கிழமைக் கடையில் 28 ரூபாயையும் 15 ரூபாயையும் கூட்டும்போது 8ம் 5ம் 13 ஆகிறது. பத்தைக் கட்டிப் பத்துகளோடு சேர்க்க வேண்டும். பாடநூலில் இனமாற்றம் என்று இருப்பது இதுதான்.

எழுத்து வேலை பயிற்சி நூலில் இருக்கும். எங்கள் பள்ளியில் அது வகுப்பு அலமாரியிலேயே இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

வாய்ப்பாடு:
டீச்சர், 407 விஷயம் எனக்கும் தெரியும், நீங்கள் சொன்ன வழி நல்ல வழி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 28 பிள்ளைகளில் கடையில் நின்று காசு கொடுத்து வாங்கியது எத்தனை பேர்? வாய் பேசுகிற ஏழெட்டுப் பேர் விற்பார்கள், மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நோட்டில் எழுதினால் 28 பேரும் எழுதியாக வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு.

மூணாம் பெஞ்சு:
ஐயா சொன்னது என் கதை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் (அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் தாங்களே படிக்கும் முறை) 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. எந்த அட்டைக்கு அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் எங்கள் படங்கள், எங்கள் உயரத்துக்குச் சுவரோரம் கரும்பலகை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கழித்தல் அட்டை ஒன்றில் மாட்டிக்கொண்டேன். அதை எடுத்து வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பேன். முயல் படம் போட்ட அட்டை, மூலை மடங்கியிருக்கும். எத்தனை நாள் என்று நினைவில்லை, யாரும் கவனிக்கவில்லை. டீச்சர் மேல் கோபம் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்றுதான் அதற்குப் பின்னால் வந்த 2009 கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. அஞ்சு வகுப்பு, இரண்டு பேர். யார் எந்த அட்டையில் நிற்கிறார்கள் என்று அவர் எப்படிப் பார்ப்பார்?

கரும்பலகை:
தம்பி, படிக்கும்போது தொண்டை அடைத்தது. அந்தப் பயம் எனக்கும் தினமும் இருக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதே அதற்குத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து கூட்ட வரவில்லை என்றால் அது அரும்பிலிருந்தே தொடங்கலாம். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் இங்கே 2021 நவம்பரில்தான் திறந்தன. பள்ளி வாசலையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்தேன். பென்சிலை முஷ்டியில் பிடித்தார்கள். அவர்களிடம் நேராக வாய்ப்பாட்டைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஐயாவின் கேள்விக்கு: ஆமாம், கடையில் பின்னால் நிற்கிற பிள்ளைகள் உண்டு. அதனால் நான் ஒரே கடை வைப்பதில்லை, ஆறு கடை வைக்கிறேன். அப்படியும் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுப் பதிந்து முடிக்கும்போது, பிந்தியிருக்கிற பிள்ளையோடு உட்கார நேரம் இருப்பதில்லை. பதிவுக்குப் போகிற அந்த நேரம்தான் என் வருத்தம், புளியங்கொட்டை அல்ல.

தென்னந்தோப்பு:
நேற்று ராத்திரி ஒரு தீப்பெட்டியைக் கொட்டி வைத்து, பாப்பாவை "முப்பத்தாறு எடு" என்றேன். மூன்று தடவை பத்துப் பத்தாக எண்ணி, என் மனைவியின் தலைமுடி ரப்பர் பேண்டுகளை வாங்கிக் கட்டினாள். ஆறு தனியாக வைத்தாள். "பதினெட்டு எடுத்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவி, "இப்ப எடுத்துக்கோப்பா" என்றாள். கடன் வாங்கிக் கழித்தல் எனக்கு இப்படி ஒரு நாளும் தெரிந்ததில்லை. மேலே அடித்துப் பக்கத்தில் ஒன்று போடு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் "பறவை" எழுதச் சொன்னேன், "பரவை" என்று எழுதினாள். வாய்ப்பாடு ஐயா சொன்னதும் உண்மைதான். பயிற்சி நூலை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று திங்கட்கிழமை டீச்சரைக் கேட்கப் போகிறேன்.

வாய்ப்பாடு:
கேளுங்கள். வீட்டில் தினமும் அஞ்சு சொல், அதற்கு மேல் வேண்டாம். பறவை, சிறகு, காற்று என்று ற வருகிறதாகவே சொல்லுங்கள். ஆறாம் வாய்ப்பாட்டையும் அவசரப்பட்டு எழுத வைக்காதீர்கள், முதலில் ஆறு ஆறாகக் கொட்டை வைக்கட்டும். அதற்கப்புறம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

கரும்பலகை:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் ஐயா. மூணாம் பெஞ்சு தம்பி, அந்தக் கழித்தல் அட்டையைக் கடைசியில் எப்படித் தாண்டினீர்கள்?

மூணாம் பெஞ்சு:
பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள் டீச்சர். புளியங்கொட்டை வைத்துத்தான்.