டி.எஸ்.ஹெச். சரி, சோர்வு தீரவில்லை: புதுப்பிப்பு
தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 2.8 என்று இயல்பான அளவில் வந்தும் ஓயாத சோர்வும் முடி உதிர்தலும் நீடிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், முடிக்காக நான் எடுத்துவந்த பயோட்டின் என்ற வைட்டமின் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், அதைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னார். கூடவே ஃபெரிட்டினையும், தைராய்டுக்கு எதிராக உடலே உருவாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருளையும் பார்க்கச் சொன்னார். டி.எஸ்.ஹெச். பெரிதாக மாறவில்லை. ஆனால், ஹீமோகுளோபின் சரியாக இருந்ததால் அதுவரை யாரும் தேடிப் பார்க்காத இரும்புச் சேமிப்பு, அதாவது ஃபெரிட்டின், வெறும் 9. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே அது குறைபாடுதான். இப்போது இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், காபி தேநீரோடு சேர்க்காமல் எடுக்கிறேன். மாடிப்படி ஏறும்போது வரும் மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, முடி உதிர்தல் நிற்கவில்லை. எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதால் ஆண்டுக்கொரு முறை டி.எஸ்.ஹெச். பார்க்க வேண்டும். தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸினை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். தேவையில்லாமல் எடுத்தால் இதயத் துடிப்பும் எலும்பும் பாதிக்கப்படும்.