சிம்பொனி நடுவுல கைதட்டுனா என்ன, குடியா முழுகிடும்?

பங்சார் பெருசு:
நேத்து நம்ம குரூப்ல ஒரு தம்பி எழுதுனதப் படிச்சதுலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்குச் சாதாரண ஜனங்க வராததுக்குக் காரணமே மூவ்மெண்ட்டுக்கு (சிம்பொனியோட ஒவ்வொரு பாகமும் ஒரு மூவ்மெண்ட்) நடுவுல கைதட்டக் கூடாதுங்கற வழக்கம்தானாம், அது வெள்ளக்காரன் திமிராம், அத எடுத்துட்டா எல்லாரும் வருவாங்களாம். டிக்கெட் விலையக் கொறைங்கன்னு எழுதியிருந்தா நானும் கூட சேந்து கத்தியிருப்பேன். கைதட்டுறதுல போயி கைய வெக்கிறாரு.

போன வருஷம் சாய்கோவ்ஸ்கி ஆறாவது சிம்பொனி கேக்கப் போனேன். மூணாவது மூவ்மெண்ட் ஒரு மார்ச், சத்தமா முடியும், முடிஞ்ச உடனே பாதி ஹால் தட்டிருச்சு. ஆர்க்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டர் திரும்பல. முதுகக் காட்டிக்கிட்டே இடது கைய இடுப்புக்கிட்ட விரிச்சு 'அமுங்குங்க அமுங்குங்க'ன்னு காட்டுறாரு, இவங்க அத வேற ஸ்டைல்னு நெனச்சு இன்னும் தட்டுறாங்க. அடுத்து வர்றது அழுகைய்யா. முதல் வயலினும் ரெண்டாவது வயலினும் ஒரு மெட்ட ஆளுக்கு ஒரு சுரமா மாத்தி மாத்திப் புடிக்கும், ரெண்டும் சேந்தாதான் மெட்டே காதுல விழும். அதோட முதல் ரெண்டு சுரம் கைதட்டல்ல போச்சு. 1893 அக்டோபர்ல அந்த மனுசன் தானே நின்னு அத நடத்திட்டு 9 நாள்ல செத்துப் போனாரு. அதுக்கா கல்யாண வீட்டுக் கைதட்டு?

செந்தூல் சிவா:
அந்தத் தம்பி நான்தான் அங்கிள், பேரச் சொல்லியே திட்டலாம், பரவால்ல. நான் எழுதுனது பத்து விஷயம். டிக்கெட், டிரெஸ், சின்னப் பிள்ளைங்க, தமிழ்லயோ மலாய்லயோ ஒரு ரெண்டு நிமிஷ விளக்கம், எல்லாம் இருக்கு. உங்க கண்ணுல பட்டது கைதட்டு ஒண்ணுதான். சரி, அதயே பேசுவோம். 1778ல பாரிஸ்ல மொசார்ட்டோட சிம்பொனி, முதல் மூவ்மெண்ட் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே, முடியக்கூட இல்ல, ஜனங்க தட்டிட்டாங்க. அவரு அப்பாவுக்கு லெட்டர் போட்டு சந்தோசப்பட்டிருக்காரு, இந்த இடம் புடிக்கும்னு தெரிஞ்சுதான் எழுதுனேன்னு. மொசார்ட்டுக்கே வயிறு எரியல, உங்களுக்கு ஏன் எரியுது?

மோட்டோ முருகன்:
பெருசுக்கு வயிறு எரியறது ராத்திரி சாப்பிட்ட நாசி கண்டார் சோறு லா 😂

பங்சார் பெருசு:
மொசார்ட்ட இழுக்காத மொசார்ட்ட. அந்தக் காலத்துல பிரபுக்கள் சீட்டாடிக்கிட்டு, சாப்பிட்டுக்கிட்டு, வம்பளந்துகிட்டுக் கேட்டாங்க. அதுவும் திரும்ப வரணுமா? மெண்டல்சோன் வயலின் கன்சர்ட்டோ, ஒரு வயலின் முன்னாடி நின்னு ஆர்க்கெஸ்ட்ராவோட வாசிக்கிறது, கேட்டிருக்கியா? 1845ல லைப்சிக்ல முதல்ல வாசிச்சது. முதல் மூவ்மெண்ட் தடதடன்னு முடியும், ஆனா பஸ்ஸூன்ங்கற ஊதுகுழல் வாசிக்கிறவரு மட்டும் ஒரே ஒரு சுரத்த விடாமப் புடிச்சுக்கிட்டே இருப்பாரு, அதுலேர்ந்தே ரெண்டாவது மூவ்மெண்ட் கிளம்பும். ஏன்? நடுவுல உன்ன மாதிரி ஆளு தட்டக் கூடாதுன்னுதான். எழுதுனவரே கதவச் சாத்தியிருக்காரு.

செந்தூல் சிவா:
அங்கிள் அப்ப என்ன அர்த்தம்? சாத்த வேண்டிய அளவுக்கு ஜனங்க தட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு அர்த்தம் 😄 நீங்களே எனக்குப் பாயிண்ட் எடுத்துக் குடுக்கறீங்க, டேங்க்ஸ். இன்னொண்ணு. 1813 டிசம்பர், வியன்னா, பீத்தோவன் ஏழாவது சிம்பொனி. ரெண்டாவது மூவ்மெண்ட்ட அங்கயே திரும்ப வாசிக்க வெச்சாங்க ஜனங்க. தட்டாம எப்படிங்க திரும்பக் கேப்பாங்க, கைய தூக்கிட்டு டீச்சர் டீச்சர்னா?

பங்சார் பெருசு:
திரும்பக் கேட்டது ரசிச்சு. நீ சொல்றது பழக்கம் இல்லாம தட்டுறது. ரெண்டும் ஒண்ணா?

செந்தூல் சிவா:
வித்தியாசத்த எப்படி அளப்பீங்க? சத்தத்துலயா?

ஜார்ஜ்டவுன் ஜெயா:
நான் பினாங்குல வயலின் சொல்லித் தர்றேன், என் பிள்ளைங்க முக்கால்வாசிப் பேரு தமிழ்ப்பள்ளி. அவங்க கச்சேரிக்கு வராததுக்குக் காரணம் கைதட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி கச்சேரி முடிஞ்சா வீட்டுக்குப் போக பஸ் கெடைக்கறது கஷ்டம். கேஎல்ல, கோலாலம்பூர்ல, கேக்கணும்னா பட்டர்வொர்த் வந்து ரயில் ஏறணும், நாலு மணி நேரம், அப்புறம் ராத்திரி தங்கணும். அம்மா அப்பா ரெண்டு பேரும் வந்தா டிக்கெட், ரயில், சாப்பாடு எல்லாம் சேந்து எத்தன வெள்ளின்னு யாராச்சும் கணக்குப் போட்டீங்களா? லண்டன்ல 1895ல ப்ராம்ஸ்ங்கற கச்சேரி வரிசைய ஆரம்பிச்சப்ப நின்னுக்கிட்டுக் கேக்க ஒரே ஒரு ஷில்லிங்தான். சாப்பிடலாம், குடிக்கலாம், சுருட்டுகூடப் புடிக்கலாம், பாடுறப்ப மட்டும் தீக்குச்சி கிழிக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. அப்படி ஜனங்கள உள்ள கூட்டிட்டு வந்தாங்க. அதப் பேசுங்க.

பங்சார் பெருசு:
பாத்தியா, தீக்குச்சி கிழிக்கறதுக்கே கட்டுப்பாடு! ஜெயா டீச்சர் என் பக்கம்.

ஜார்ஜ்டவுன் ஜெயா:
ஐயோ அங்கிள் நான் அதச் சொல்லல.

செந்தூல் சிவா:
சுருட்டுக்கே ஓகே சொன்னவங்க கைதட்டுக்குக் காவல் போட்டிருப்பாங்களா? டீச்சர் என் பக்கம்.

மோட்டோ முருகன்:
டீச்சர் பஸ் பக்கம் லா, யாரும் கேக்கல.

பங்சார் பெருசு:
சிவாவுக்குத் திரும்பவும் சொல்றேன். நான் 1998லேர்ந்து, அந்த ரெட்டக் கோபுரத்துக்குக் கீழ ஃபில்ஹார்மோனிக் ஹால் தொறந்த வருஷத்துலேர்ந்து போயிக்கிட்டு இருக்கேன். என்ன யாரும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகல. நான் தோட்டத்துல பொறந்தவன், அப்பா பால்மரம் வெட்டுனவரு. பாத்தேக் சட்ட ஒண்ணு கடன் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயி ஓரமா உக்காந்தேன். எப்ப தட்டணும்னு தெரியாது, தெரிஞ்சவன் தட்டுற வரைக்கும் சும்மா இருந்தேன். புரோகிராம் தாள்ல நாலு வரி இருந்தா நாலு மூவ்மெண்ட்டு, கண்டக்டர் கைய முழுசா எறக்குனா முடிஞ்சிருச்சு. இவ்வளவுதான் விஷயம், இதுக்கு ஒரு புரட்சியா? எனக்கு வந்த பொறுமை இப்ப உள்ளவங்களுக்கு வராதா? வராதுன்னு நெனைக்கிறதுதான் அவங்களக் கேவலமா நெனைக்கறது, நான் இல்ல.

செந்தூல் சிவா:
இப்ப நான் சொல்றேன் கேளுங்க. எங்கம்மாவும் தோட்டம்தான். ஒரு தடவ கூட்டிட்டுப் போனேன், எந்த ஹால்னு பேர் வேணாம். முதல் மூவ்மெண்ட் முடிஞ்சது, அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப்போயி தட்டிருச்சு. முன் சீட்டு அம்மா ஒருத்தவங்க திரும்பி, தலைலேர்ந்து கால் வரைக்கும் ஒரு பார்வ பாத்தாங்க, ஒரு வார்த்த பேசல. எங்கம்மா ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. கடைசில எல்லாரும் எழுந்து நின்னு தட்டுறப்பவும் வெளிய எடுக்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்தப் பழக்கம் நாசமாப் போகட்டும்னு.

பங்சார் பெருசு:
உள்ள போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? புரோகிராம் படிக்கத் தெரிஞ்ச புள்ள பக்கத்துல உக்காந்துகிட்டு?

செந்தூல் சிவா:
வேணாம் அங்கிள். அம்மா வரைக்கும் போகாதீங்க.

பங்சார் பெருசு:
அம்மாவ இழுத்துட்டு வந்தது யாரு?

மிருதங்க மணி:
இந்த அங்கிள் மௌனத்தப் பத்திப் பாடம் எடுக்கறதப் பாத்தா எனக்குச் சிரிப்பா வருது. நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்துல நான் தனி ஆவர்த்தனம், மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கிற எடம், ஆரம்பிச்ச உடனே முதல் வரிசைலேர்ந்து எழுந்து வடைக்குப் போனது யாரு? நான் மேடைலேர்ந்து பாத்தேன். திரும்பி வர்றப்ப கைல தே தாரிக், அந்த இனிப்பு டீ வேற. சாய்கோவ்ஸ்கிக்கு அழுவாரு, பக்கத்து வீட்டுப் பையன் வாசிச்சா வட தின்னப் போவாரு.

பங்சார் பெருசு:
எனக்குச் சக்கர வியாதி. நேரத்துக்குச் சாப்பிடணும்.

மிருதங்க மணி:
சக்கர வியாதிக்குத் தே தாரிக்கா?? அதுவும் சரியா தனி ஆவர்த்தனத்துலயா வரும்? ராகம் பாடுறப்ப வராதா? இங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். தனில கோர்வைய, அதான் முடிவுக்கு வர்ற தாளக் கட்ட, மூணு தடவ வாசிச்சுட்டு பாடகர் பல்லவிய எடுக்குற எடம் இருக்கே, அதுதான் உசுரு. அதுக்கு முன்னாடியே தட்டி அந்த எடுப்ப மூழ்கடிச்சுடறாங்க. அதனால கைதட்டுல நான் பெருசு பக்கம்தான். ஆனா பெருசு பக்கம் உக்கார மாட்டேன்.

செந்தூல் சிவா:
மணி அண்ணே நம்ம கச்சேரில ராகம் பாடுறப்பவே 'பலே'ங்கறாங்க, 'ஆஹா'ங்கறாங்க, தொடைல தாளம் போடுறாங்க. அதுல யாரும் சாகல. அதே ஆளு கேஎல்சிசில, அந்த ஃபில்ஹார்மோனிக் ஹாலுக்குப் போயி மூச்சுகூட விடக் கூடாதுன்னா எப்படி?

பங்சார் பெருசு:
தொடைல தாளம் போடுறவன் தப்பாப் போட்டா அது அவன் தொடையோட போச்சு. கைதட்டு அடுத்தவன் காதுல விழுது. வித்தியாசம் புரியுதா இல்ல இன்னும் எளிமையாச் சொல்லணுமா?

தமிழிசைத் தாசன்:
இரண்டு தரப்புமே முக்கியமானத விட்டுட்டீங்க. ஜனங்க வராததுக்குக் காரணம் மொழி. 1941ல சிதம்பரத்துல அண்ணாமலைச் செட்டியார் மாநாடு கூட்டி, 1943ல சென்னைல தமிழிசைச் சங்கமே வெச்சாங்க, ஏன்? புரியாத மொழியில பாடிட்டுக் கடைசில துக்கடாங்கற சின்னப் பாட்டுக்கு மட்டும் தமிழ் போட்டதாலதான். இன்னைக்கு வரைக்கும் இங்க பிரிக்பீல்ட்ஸ்லயும் அதே கதைதான்.

மோட்டோ முருகன்:
தாசன் அண்ணே, சிம்பொனில பாட்டே இல்ல லா. தமிழ்ல வயலின் வாசிக்கச் சொல்றீங்களா?

தமிழிசைத் தாசன்:
கிண்டல் பண்ணுங்க. உங்க பிள்ளைங்க பேர்ல தமிழ் இருக்கான்னு பாத்துட்டுக் கிண்டல் பண்ணுங்க.

மோட்டோ முருகன்:
எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல லா!

பங்சார் பெருசு:
விஷயத்துக்கு வாங்க. கைதட்டு. இது வரைக்கும் யாரும் எனக்குப் பதில் சொல்லல. சாய்கோவ்ஸ்கி மூணாவது மூவ்மெண்ட்டுக்கு அப்புறம் தட்டுனா நாலாவதோட முதல் சுரம் போகுதா இல்லையா? ஆமாவா இல்லையா? சுத்தி வளைக்காம.

செந்தூல் சிவா:
தட்டி முடிக்கிற வரைக்கும் கண்டக்டர் காத்திருந்தா போகாது. உங்க கண்டக்டர் அவசரப்பட்டதுக்கு ஜனங்களத் திட்டாதீங்க. இன்னொரு கதையும் கேட்டுக்குங்க. 1882ல வாக்னர் பார்சிஃபால் நாடகத்துக்கு, ரெண்டாவது அங்கம் முடிஞ்சா கைதட்ட ஏத்துக்கப் பாடகருங்க திரும்ப மேடைக்கு வர மாட்டாங்கன்னு சொல்லப்போயி, ஜனங்க தட்டவே கூடாதுன்னு எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் அவரே ரசிச்சு 'பிராவோ'ன்னு கத்துனாரு, பக்கத்துல உள்ளவங்க அவரையே 'உஷ்'ன்னு அடக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. எழுதுனவனையே வாயப் பொத்த வெச்ச கூட்டம் இது. நீங்க அந்தக் கூட்டத்துல முன்வரிசை.

பங்சார் பெருசு:
முன்வரிசைன்னா முன்வரிசை. சந்தோசம். இருபது வருஷத்துக்கு மேல காசு குடுத்து உக்காந்திருக்கேன், ஓசில யூடியூப்ல கேட்டுட்டு வந்து பேசல. காத்திருந்தா போகாதாம்! அந்த மௌனமும் இசைல ஒரு பகுதிதான்யா, மார்ச் முடிஞ்சு அந்த அழுகை வர்றதுக்கு நடுவுல ஒரு நொடி ஹாலே உறைஞ்சு நிக்கும், ஏசி சத்தம்கூடக் கேக்கும், அதத்தான் நீ திருடுற. நீ அத ஒரு தடவகூடக் கேட்டதில்ல, ஏன்னா நீ அப்ப தட்டிக்கிட்டு இருந்திருப்ப.

மோட்டோ முருகன்:
அங்கிள் இந்தப் போஸ்ட் முடிஞ்சிருச்சா இல்ல இன்னொரு மூவ்மெண்ட் இருக்கா? இப்ப தட்டலாமா?

பங்சார் பெருசு:
உனக்கெல்லாம் பதில் கெடையாது.

மிருதங்க மணி:
அதே மௌனம் என் தனியோட முடிவுல வர்ற மோராவுக்கு முன்னாடியும் இருந்துச்சு. நீங்க வடை வரிசைல இருந்தீங்க.

பங்சார் பெருசு:
இந்த வடைய விடவே மாட்டியா? உங்கப்பா கடைல நான் சாப்பிட்ட வடைக்கு இன்னைக்கு வரைக்கும் கடன் இருக்கா சொல்லு.

மிருதங்க மணி:
அப்பா பேச்சு எடுக்காதீங்க. கோயில் கமிட்டி எலக்‌ஷன்ல அவருக்கு எதிரா நின்னது மறக்கல.

செந்தூல் சிவா:
ஓ இதான் மேட்டரா 😂

ஜார்ஜ்டவுன் ஜெயா:
யாராச்சும் உதவி பண்ணுங்க ப்ளீஸ். சனிக்கிழம மத்தியானக் கச்சேரிக்கு என் பிள்ளைங்க ஆறு பேரக் கூட்டிட்டு வர்றேன், முதல் தடவ. கேஎல் சென்ட்ரல்லேர்ந்து எல்ஆர்டி ரயில் கெலானா ஜெயா லைன்ல கேஎல்சிசில எறங்கணும், அது தெரியும். மாலுக்குள்ள போயி ஹாலுக்கு எந்தப் பக்கம் ஏறணும்? பிள்ளைங்க ரயில்லயே பசியாறிடுவாங்க, ஆனா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொறஞ்ச வெலைல பக்கத்துல எங்க?

தமிழிசைத் தாசன்:
தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்கள வெள்ளக்காரன் இசைக்குக் கூட்டிட்டுப் போற ஆர்வம் தேவாரத்துக்கு இருக்கான்னு ஒரு கேள்வி.

ஜார்ஜ்டவுன் ஜெயா:
வெள்ளிக்கிழம கோயில்ல தேவாரமும் நான்தான் சொல்லித் தர்றேன். எந்தப் பக்கம் ஏறணும்னு சொல்லுங்கய்யா.

பங்சார் பெருசு:
வழியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. சனிக்கிழம கன்சர்ட்டோ இருக்கு, மூணு மூவ்மெண்ட்டு, முதல் மூவ்மெண்ட் சத்தமா முடியும். அந்த ஆறு பேருகிட்ட கைதட்டுறதப் பத்தி என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்ற?

செந்தூல் சிவா:
தட்டச் சொல்லுங்க டீச்சர். நான் முன்னாடி ஆரம்பிச்சு வெக்கிறேன்.

பங்சார் பெருசு:
நீயும் வர்றியா? எந்த வரிச?

செந்தூல் சிவா:
உங்களுக்குப் பின்னாடி வரிச, அங்கிள்.

ஜார்ஜ்டவுன் ஜெயா:
சாப்பாடு எங்கன்னாச்சும் சொல்லுங்களேன்.