மார்த்தினிக் தீவில் சான்-பியேர்: ஒரு மாதம் தங்கலாமா?

குன்னூர் மங்கை:
வணக்கம். பையன் பாரிஸ்ல இருக்கான். ஜனவரியில கரீபியன் கடல்ல மார்த்தினிக் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன், சான்-பியேர்ங்கிற பழைய கடலோர ஊர்ல வீடு எடுத்துத் தங்கலாம்ங்கிறான். இங்க அந்த மாசம் உறைபனி, மூட்டு வலி உயிர் போகும். அதனால ஆசைதான். ஆனா எரிமலை அடிவாரமாமே? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கோத்தகிரி செல்வம்:
அக்கா, கண்டிப்பாப் போங்க. பிரான்ஸ்ல வேலை பாத்தப்போ நான் போயிருக்கேன். 1902 மே 8 காலையில பெலே மலை வெடிச்சு, சில நிமிஷத்துல ஊரே எரிஞ்சுபோச்சு. ஏறக்குறைய 28,000 பேர் இறந்து போயிட்டாங்க. அதுவரைக்கும் தீவுக்கே பெரிய ஊர் அதுதான், இப்போ சின்ன ஊர். நாடக அரங்கத்துல படிக்கட்டு அப்படியே நிக்குது, ஏறிப் போனா மேல கூரை இல்ல, வானம்தான். பக்கத்துலயே சிபாரிஸ்ங்கிற கைதி உயிர் பிழைச்ச கல் அறை. குனிஞ்சு பாத்தேன். சுவர் அவ்வளவு தடிமன், காத்து வர கதவுப் பக்கம் சின்னத் திறப்பு மட்டும். அருங்காட்சியகத்துல நசுங்கிப்போன சர்ச் மணி இருக்கு, அதை விட்டுடாதீங்க.

ஆனா நான் அங்க ரொம்ப நேரம் நின்னது கடற்கரையிலதான். 1853ல ஒரேலிங்கிற கப்பல்ல நம்ம பக்கத்து ஆளுங்க கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளா முதன்முதலா வந்து இறங்கினது இந்த ஊர்லதான். எங்க தாத்தா கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல உழைச்சவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி எங்க குடும்பம் நீலகிரிக்கு வந்துச்சு. அந்தக் கறுப்பு மணல்ல நிக்கையில நெஞ்சு அடைச்சுடுச்சு. இடிபாட்டை மட்டும் பாத்துட்டுத் திரும்பாதீங்க அக்கா. வடக்கே பாஸ்-புவாந்த் போங்க, அங்க மாரியம்மனைக் கும்பிடுறவங்க இன்னும் இருக்காங்க. தமிழ் பேச்சு போயிடுச்சு, சாமி போகல.

பயம் வேண்டாம். கடைசி வெடிப்பு 1932ல முடிஞ்சது. கண்காணிப்பு மையம் ராப்பகலா மலையைக் கவனிக்குது.

கொடை ஜோசப்:
விசாவை முதல்ல பாருங்கம்மா. மார்த்தினிக் பிரான்ஸோட பகுதிதான், ஆனா ஷெங்கன்ல, அதாவது ஐரோப்பிய நாடுகளோட பொது விசாப் பகுதியில, சேராது. வெறும் ஷெங்கன் விசா போதாது. விண்ணப்பிக்கும்போதே அந்தத் தீவுக்கும் சேர்த்துக் கேளுங்க. ஜனவரி நல்ல மாசம், ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான் புயல் காலம். சந்தையில வாழைக்காய், ஈரப்பலா, நம்ம கீழ்மலைப் பந்தல்ல தொங்குற அதே சௌசௌ எல்லாம் கிடைக்கும். கொத்தமல்லி, மஞ்சள், சீரகம் போட்ட கொலோம்போப் பொடியும் வாங்கலாம். ஓட்டல்ல அதை ஆட்டுக்கறி, கோழியிலதான் போடுவாங்க, அதனால அடுப்படி இருக்கிற வீடாப் பிடிங்க.

குன்னூர் மங்கை:
நன்றி தம்பிகளா, விசா விஷயம் பையனுக்கே தெரியல! செல்வம், பாஸ்-புவாந்த்ல கோயிலுக்குள்ள வெளியாளை விடுவாங்களா? குன்னூர் தந்தி மாரியம்மன் குங்குமம் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு இருக்கு.

கோத்தகிரி செல்வம்:
தாராளமாக் கொண்டு போங்க அக்கா. பூசை இல்லாத நாள்ல பூட்டியிருக்கும், அக்கம்பக்கத்துல பையனை விட்டு பிரெஞ்சுல விசாரிக்கச் சொல்லுங்க.